அழகுப் பொருள் நெட்வொர்க் மார்க்கெட்டிங்: சேர்வதற்கும் நிறுவனம் மாறுவதற்கும் ஒரு நடைமுறை வழிகாட்டி

அழகுப் பொருட்கள் விற்கும் நெட்வொர்க் மார்க்கெட்டிங் நிறுவனம் ஒன்றில் (நாம் விற்பதற்கும், நாம் சேர்த்தவர்களின் அணி வாங்குவதற்கும் கமிஷன் கிடைக்கும் முறை இது) மூன்று ஆண்டுகள் இருந்துவிட்டு இன்னொன்றுக்கு மாறினேன். சேர்வதற்குப் பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது. வெளியேறி, வரவேண்டிய பணத்தை வாங்கி, புதிய இடத்தில் முறையாகப் பதிவு செய்து முடிக்க ஏறத்தாழ எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதத்தில் கடைசி மாதக் கமிஷன் கைவிட்டுப் போயிற்று. சரக்கைத் திருப்பி அனுப்பும் கெடுவைப் பதினொரு நாள் வித்தியாசத்தில் தவறவிட்டதால் ஒரு பெட்டி சீரமும் லிப்ஸ்டிக்கும் வீட்டிலேயே தங்கிவிட்டன. பழைய அணியில் இருந்த ஒரு தோழியிடம் புதிய நிறுவனத்தைப் பற்றி வாய்விட்டதற்கு எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. இந்த மூன்றும் நான் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தவை. படிக்காமல் கையெழுத்திட்டது என் தவறு.

இந்தத் தொழிலில் சேரலாமா கூடாதா என்ற விவாதத்துக்குள் இந்தக் கட்டுரை போகவில்லை. சேர நினைப்பவரும், ஏற்கெனவே ஒன்றில் இருந்துகொண்டு மாற நினைப்பவரும் எந்தக் காகிதத்தை எப்போது பார்க்க வேண்டும், எந்தத் தேதிக்கு முன் எதைச் செய்து முடிக்க வேண்டும் என்பதை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன்.

1. விலகும் விதியை முதலில் படியுங்கள்

சேருவதற்கு முன் ஐந்து ஆவணங்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும். அவை: விற்பனையாளர் ஒப்பந்தம், நிறுவனத்தின் கொள்கை மற்றும் நடைமுறைக் கையேடு, கமிஷன் திட்டம், ஒவ்வொரு பொருளுக்கும் கமிஷன் கணக்குக்கான பாயிண்ட் எத்தனை என்று காட்டும் விலைப்பட்டியல், விற்பனையாளர்களின் வருமான அறிக்கை. உங்களை அழைக்கும் ஸ்பான்சர் பெரும்பாலும் மூன்றாவதை மட்டும், அதுவும் வண்ணப் படங்களாகக் காட்டுவார். உங்களைக் கட்டுப்படுத்தப் போவது இரண்டாவது ஆவணம். விண்ணப்பத்தில் "கொள்கைக் கையேட்டை ஏற்கிறேன்" என்று நீங்கள் இடும் ஒரு டிக், பல பத்துப் பக்கங்களுக்குப் போட்ட கையெழுத்துக்குச் சமம். ஸ்பான்சரிடம் அந்தக் கையேடு இல்லையென்றால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு நேரடியாக எழுதிக் கேளுங்கள். சேராதவருக்குத் தர மாட்டோம் என்று பதில் வந்தால், அந்த நிறுவனத்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவதே நல்லது.

கையேடு கிடைத்ததும் முதல் பக்கத்திலிருந்து தொடங்காமல், விலகல், சரக்குத் திரும்பப் பெறுதல், ஸ்பான்சர் மாற்றம், பிற நிறுவனங்களில் ஈடுபடுதல் ஆகிய நான்கு பகுதிகளுக்கு நேரே செல்லுங்கள். சரக்கு விஷயத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் உண்டு. நேரடி விற்பனைச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பு வகுத்திருக்கும் நடத்தை விதிகளின்படி, ஒரு விற்பனையாளர் விலகும்போது, அதற்கு முந்தைய 12 மாதங்களுக்குள் வாங்கிய, மறுவிற்பனைக்கு ஏற்ற நிலையில் உள்ள சரக்கை அவர் கொடுத்த நிகர விலையில் குறைந்தது 90 விழுக்காட்டுக்கு நிறுவனம் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். நீங்கள் சேர நினைக்கும் நிறுவனம் அந்தச் சங்கங்களில் உறுப்பினரா, அதன் கையேட்டில் இந்த 12 மாதமும் 90 விழுக்காடும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 30 நாள், 50 விழுக்காடு என்று இருந்தால், உங்கள் அலமாரியில் தங்கும் சரக்கு முழுவதும் உங்கள் சொந்தப் பொறுப்பு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. சீனாவில் நேரடி விற்பனைக்கு உரிமம் உண்டு, ஆனால் பல அடுக்குக் கமிஷனை 2005ஆம் ஆண்டின் விதிகளே தடை செய்துவிட்டன. இந்தியாவில் 2021 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட நேரடி விற்பனை விதிகள், ஆள் சேர்ப்பதையே வருமானமாகக் கொண்ட பிரமிடு திட்டங்களையும் பணச் சுழற்சித் திட்டங்களையும் தடுக்கின்றன. பிரிட்டனில் 1997ஆம் ஆண்டின் விதிகளின்படி முதல் ஏழு நாளில் சேருபவரிடமிருந்து 200 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது. 14 நாளுக்குள் மனம் மாறினால் விலகிக்கொள்ளலாம். இப்படிச் சேர்ந்த பின் அபராதமின்றி விலக உங்கள் நாட்டில் எத்தனை நாள் அவகாசம் என்பதைச் சேரும் நாளிலேயே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

2. வருமான அறிக்கையை எப்படிப் படிப்பது

அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் அலுவலர்கள் 70 நெட்வொர்க் மார்க்கெட்டிங் நிறுவனங்களின் வருமான அறிக்கைகளை ஆராய்ந்து 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். பெரும்பாலான பங்கேற்பாளர்கள் ஆண்டுக்கு 1,000 டாலரோ அதற்கும் குறைவாகவோதான் பெற்றிருந்தார்கள். அந்தத் தொகையிலும் செலவுகள் பெரும்பாலும் கழிக்கப்படவில்லை. அறிக்கைகள் பொய் சொல்லின என்று இதற்குப் பொருளில்லை. எண்ணை எந்த இடத்தில் வைப்பது, யாரைக் கணக்கிலிருந்து விடுவது என்பதில்தான் வித்தை இருக்கிறது.

முதலில் அடிக்குறிப்பைப் படியுங்கள். "செயல்படும் விற்பனையாளர்களின் சராசரி" என்று இருந்தால், செயல்படுபவர் என்பதற்கு என்ன வரையறை என்று தேடுங்கள். அந்த ஆண்டில் ஒரு கமிஷனாவது பெற்றவர் என்று வரையறுத்திருந்தால், ஒன்றும் பெறாத அத்தனை பேரும் கணக்கிலேயே இல்லை. அடுத்து, சராசரியைக் கண்டு மயங்காமல், எல்லோரையும் வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் தொகையான நடுமதிப்பைத் தேடுங்கள், ஏனென்றால் உச்சியில் இருக்கும் சிலரின் பெரிய தொகை சராசரியைத் தூக்கிவிடும். மூன்றாவது, உங்களை அழைப்பவர் எந்த ரேங்கில், அதாவது நிறுவனத்தின் எந்தப் படிநிலையில், இருக்கிறார் என்று கேட்டு, அந்த ரேங்கில் மொத்தத்தில் எத்தனை விழுக்காட்டினர் இருக்கிறார்கள் என்ற வரியைக் கண்டுபிடியுங்கள். கேட்டால் சிலர் கோபிப்பார்கள். அந்தக் கோபமும் ஒரு தகவல்தான்.

பிரமிடா இல்லையா என்று பார்ப்பதற்கு இன்றும் எடுத்தாளப்படும் சோதனை ஒன்று உண்டு. அது பிறந்ததே ஓர் ஒப்பனைப் பொருள் நிறுவனத்தின் வழக்கில்தான், 1975இல். பங்கேற்பவர் பணம் கட்டி இரண்டு உரிமைகளைப் பெறுகிறாரா, அதாவது பொருளை விற்கும் உரிமையோடு, இறுதி நுகர்வோருக்கு விற்பதோடு தொடர்பில்லாமல் ஆள் சேர்ப்பதற்காகவே வெகுமதி பெறும் உரிமையையும் வாங்குகிறாரா என்பதுதான் அது. கமிஷன் திட்டத்தைப் படிக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொண்டு, ஆளே சேர்க்காமல் வெளியாருக்குப் பொருள் விற்று மட்டும் என்ன கிடைக்கும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

3. பாயிண்டுக் கணக்கு

புதியவர்கள் பெரும்பாலும் ஏமாறும் இடம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கமிஷன் விழுக்காடு பெரும்பாலும் பொருளின் விலைமேல் கணக்கிடப்படுவதில்லை. நிறுவனம் ஒவ்வொரு பொருளுக்கும் வைத்திருக்கும் பாயிண்டின்மேல் கணக்கிடப்படுகிறது. ஒரு மாய்ஸ்சரைசரின் பட்டியல் விலை 100 அலகு என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு 25 விழுக்காடு தள்ளுபடி, ஆகவே நீங்கள் 75 கொடுக்கிறீர்கள். அதன் பாயிண்ட் 60. அணியிலிருந்து வரும் கமிஷனைப் பெற மாதம் குறைந்தது 100 பாயிண்ட் சொந்தக் கொள்முதல் வேண்டும் என்பது விதி. அப்படியானால் மாதம் 125 அலகுக்கு நீங்கள் வாங்கியாக வேண்டும்.

அந்தச் சரக்கில் பாதியை, தெரிந்தவர்களுக்கு 10 விழுக்காடு குறைத்து விற்கிறீர்கள் என்று கொள்வோம். கைக்கு 75 வரும். உங்கள் அணி அந்த மாதம் 1,000 பாயிண்ட் வாங்கியிருந்து, உங்களுக்கு 5 விழுக்காடு கிடைத்தால் கமிஷன் 50. வரவு 125, செலவு 125. கைக்காசு பூஜ்யம், அலமாரியில் 62.5 அலகுக்கு விற்காத சரக்கு. சாம்பிள், அனுப்புச் செலவு, வருடாந்திரப் புதுப்பிப்புக் கட்டணம், இணையக் கடைக்கான மாதக் கட்டணம், பயிற்சிக் கூட்டங்களின் நுழைவுச் சீட்டு எதையும் நான் இதில் சேர்க்கவில்லை. இதே கணக்கை உங்கள் நிறுவனத்தின் உண்மையான எண்களை இட்டுப் போடுங்கள். முழுச் சரக்கும் விற்றால் என்ன, பாதி விற்றால் என்ன, கால்வாசி விற்றால் என்ன என்று மூன்று வரிசையாக எழுதுங்கள்.

திட்டத்தின் வடிவத்தையும் கவனிக்க வேண்டும். அணியை இரண்டு கிளைகளாக, அதாவது இரண்டு கால்களாகப் பிரிக்கும் பைனரித் திட்டத்தில் பலவீனமான காலின் பாயிண்டுக்குத்தான் கமிஷன். பலமான காலில் மிஞ்சும் பாயிண்ட் அடுத்த மாதத்துக்குப் போகுமா, அழிக்கப்படுமா, ஒரு மாதம் நீங்கள் தகுதி இழந்தால் சேர்த்தது எல்லாம் போய்விடுமா என்று பாருங்கள். நீங்கள் நேரில் சேர்த்த எல்லோரையும் உங்கள் முதல் அடுக்கிலேயே வைக்கும் யூனிலெவல் திட்டத்தில் எத்தனை அடுக்கு ஆழம் வரை கமிஷன், அந்த ஆழத்துக்கு எந்த ரேங்க் வேண்டும் என்பதைப் பாருங்கள். மேடையில் ஒரு ரேங்குக்காகக் கைதட்டு வாங்கியவர் அடுத்த மாதமே கீழ் ரேங்கின் கமிஷன் வாங்குவது சாதாரணம், ஏனென்றால் பல திட்டங்களில் கமிஷன் அந்தந்த மாதத் தகுதியைப் பொறுத்தது.

4. பொருளைச் சோதித்தல்

அழகுப் பொருளுக்கென்றே உள்ள சிக்கல்கள் சில உண்டு, ஸ்பான்சர்கள் அவற்றைப் பேசுவதில்லை. ஃபவுண்டேஷன் விற்க வேண்டுமானால் ஒவ்வொரு நிறச்சாயலிலும் ஒரு டெஸ்டர் வேண்டும்; நிறம் பொருந்தவில்லை என்று வாடிக்கையாளர் திருப்பிய திறந்த புட்டியை மறுபடி விற்க முடியாது. மஸ்காரா, லிப்ஸ்டிக் போன்றவற்றைப் பலர்மேல் போட்டுக் காட்டக் கூடாது; ஒருமுறை பயன்படுத்தி எறியும் தூரிகைகள் வாங்க வேண்டும், அதுவும் செலவுதான். உங்கள் முதல் ஆர்டரில் நிறச் சாயல்கள் பல உள்ள பொருட்களைக் குறைத்து, க்ளென்சர், மாய்ஸ்சரைசர் போன்ற எல்லோருக்கும் விற்கக்கூடியவற்றை வையுங்கள்.

அட்டையில் திறந்த ஜாடி போன்ற ஒரு சிறு படமும், உள்ளே 6 அல்லது 12 என்ற எண்ணும் இருக்கும். திறந்த பின் எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பது அது. ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி 30 மாதங்களுக்கு மேல் கெடாத பொருளுக்குக் காலாவதித் தேதி அச்சிட வேண்டியதில்லை, இந்தப் படம் போதும். ஆகவே தேதியே இல்லாத பெட்டியைப் பார்த்து இது எப்போதும் விற்கும் என்று நினைத்துவிடாதீர்கள். தயாரிப்புத் தொகுதியைக் காட்டும் பேட்ச் எண்ணை வைத்துத்தான் நிறுவனம் அதன் வயதைக் கணக்கிடும். வைட்டமின் சி சீரம் காற்றும் வெளிச்சமும் பட்டால் நிறம் மாறுவது இயல்பு, அதை மொத்தமாக வாங்கி வைப்பது அறிவீனம். என்னிடம் தங்கிப்போன பெட்டியில் பாதி அதுதான்.

சருமத்தை வேகமாக வெளுக்கச் செய்யும் என்று சொல்லப்படும் க்ரீம் எதுவாக இருந்தாலும், உங்கள் நாட்டின் ஒப்பனைப் பொருள் பதிவில் அது இருக்கிறதா என்று பார்க்காமல் தொடாதீர்கள். பாதரசம் சேர்த்த இத்தகைய க்ரீம்கள் காரணமாகவே, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கையில் ஒப்பனைப் பொருட்களும் இடம்பெற்றன. "முகப்பருவைக் குணப்படுத்தும்", "எக்ஸிமா போய்விடும்" என்று நீங்கள் எழுதினால் ஒப்பனைப் பொருள் சட்டத்தின் கண்ணில் மருந்தாகிவிடுகிறது. அனுமதி இல்லாத இத்தகைய கூற்றுக்கு விற்பனையாளரே பொறுப்பு என்று பல கையேடுகளில் ஒரு வரி இருக்கும். அப்லைன், அதாவது அணியில் உங்களுக்கு மேலே இருப்பவர், அனுப்பிய படத்தை அப்படியே பகிர்ந்தேன் என்பது அங்கே செல்லாது.

5. ஸ்பான்சர்

ஸ்பான்சரைத் தேர்ந்தெடுப்பது நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதைவிட நிரந்தரமானது. சேர்ந்த சில நாட்களுக்குப் பிறகு ஸ்பான்சரை மாற்றுவதை நிறுவனங்கள் விரும்புவதில்லை. மாற்ற வேண்டுமானால் உங்களுக்கு மேலே உள்ள பல அப்லைன்களின் எழுத்துபூர்வ ஒப்புதல் கேட்பார்கள், அல்லது விலகிப் பல மாதங்கள் எந்தச் செயல்பாடும் இல்லாமல் இருந்துவிட்டுப் புதிதாகச் சேரச் சொல்வார்கள். அப்படிச் சேரும்போது உங்கள் டவுன்லைன், அதாவது உங்களுக்குக் கீழே சேர்ந்தவர்கள், உங்களோடு வராது. எனவே முதலில் அழைத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக அவரின்கீழ் சேர வேண்டியதில்லை. அவர் கடந்த மூன்று மாதத்தில் அணிக்கு வெளியே உள்ளவர்களுக்கு எவ்வளவு விற்றார் என்று கேளுங்கள். அணியிலிருந்து விலகியவர் ஒருவரிடம் பேச முடியுமா என்றும் கேளுங்கள்.

6. சேரும் நாளில்

அடையாள ஆவணம், முகவரிச் சான்று, வரி எண், உங்கள் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கின் விவரம், வாரிசு நியமனம் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். பெயர் எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்க வேண்டும். முதலெழுத்து ஓரிடத்தில் முன்னும் இன்னோரிடத்தில் பின்னும் இருந்ததால் என் முதல் இரண்டு கமிஷன்கள் ஆறு வாரம் நின்றன. விண்ணப்பத்தை நீங்களே நிரப்புங்கள். ஸ்பான்சரின் கைப்பேசியில், அவருடைய மின்னஞ்சல் முகவரியை இட்டுப் பதிவு செய்ய விடாதீர்கள், பின்னால் கடவுச்சொல் அவரிடம் இருக்கும்.

மாதத்தின் கடைசி வாரத்தில் சேராதீர்கள். அந்த வாரத்தில் உங்களைச் சேர்க்கத் துடிப்பவர் பெரும்பாலும் தம் ரேங்கை நிரப்பப் பார்க்கிறார். 28ஆம் தேதி சேர்ந்தால் முதல் மாதத் தகுதிக்கான கொள்முதலும் அடுத்த மாதத் தகுதிக்கான கொள்முதலும் ஒரே வாரத்தில் உங்கள்மேல் விழும். புதியவர் போனஸுக்கு 30 அல்லது 60 நாள் கெடு இருந்தால், அது சேர்ந்த தேதியிலிருந்தா, நாட்காட்டி மாதத்திலிருந்தா என்று பார்த்துவிட்டு மாதத் தொடக்கத்தில் சேருங்கள்.

இரண்டு டிக்குகளைக் கவனியுங்கள். ஒன்று ஆட்டோஷிப், அதாவது மாதந்தோறும் தானாகவே ஆர்டர் போய்ப் பணம் பிடிக்கப்படும் ஏற்பாடு. பல விண்ணப்பங்களில் அது முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும். எடுத்துவிடுங்கள், வேண்டுமானால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். இன்னொன்று, ஒவ்வொரு ஆர்டரின்போதும் வரும் "முந்தைய ஆர்டரில் 70 விழுக்காட்டை விற்றுவிட்டேன் அல்லது பயன்படுத்திவிட்டேன்" என்ற உறுதிமொழி. சரக்கு குவியாமல் தடுப்பதற்காக வந்த நல்ல விதிதான் அது. ஆனால் உண்மை இல்லாதபோது அதை டிக் செய்துவிட்டால், விலகும்போது "விற்றுவிட்டதாக நீங்களே எழுதிக் கொடுத்தீர்களே" என்று அந்தப் பங்கைத் திரும்ப வாங்க நிறுவனம் மறுக்கலாம்.

7. முதல் மூன்று மாதம்

ஒரு நோட்டுப் புத்தகமோ தனி விரிதாளோ தொடங்கி, ஒவ்வொரு ஆர்டரின் தேதி, அதற்கு வந்த விலைப்பட்டியலின் (இன்வாய்ஸ்) எண், பேட்ச் எண், யாருக்கு விற்றது, எவ்வளவு வந்தது என்று எழுதுங்கள். ஆர்டர் விலைப்பட்டியல்களை நிறுவனத்தின் தளத்திலேயே விட்டுவைக்காமல் இறக்கிச் சேமியுங்கள். விலகிய மறுநாள் அந்தத் தளத்துக்குள் நுழைய முடியாது. மூன்றாம் மாத முடிவில் கைக்காசு எதிர்மறையாக இருந்தால் கொள்முதலை நிறுத்திவிட்டு விற்பனையை மட்டும் பாருங்கள். ரேங்கைக் காப்பாற்றுவதற்காகச் சொந்தப் பணத்தில் வாங்குவது என்ற பழக்கம் முதல் மாதத்தில்தான் ஆரம்பிக்கிறது.

8. மாற முடிவு செய்துவிட்டால், வாயைத் திறப்பதற்கு முன்

நிறுவனம் மாறுவதற்குக் காரணங்கள் பல. உங்கள் விருப்பம் இல்லாமலே கூட அது நடக்கலாம். அமெரிக்காவின் ரோடன் அண்ட் ஃபீல்ட்ஸ் 2024இல் பல அடுக்குக் கமிஷனைக் கைவிட்டு, நேரடி விற்பனைக்கு மட்டும் கமிஷன் தரும் முறைக்கு மாறியது. பல ஆண்டுகள் கட்டிய அணிகளின் வருமானம் அந்த மாற்றத்தோடு முடிந்தது. பியூட்டிகவுன்டரும் அதே ஆண்டு செயல்பாட்டை நிறுத்திக்கொண்டது. கமிஷன் திட்டத்தை மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு என்ற வரி ஏறக்குறைய எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது. அதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பதை மட்டும் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்.

விருப்பத்தோடு மாறுபவர் முதலில் செய்ய வேண்டியது கட்டுப்பாட்டு விதிகளை மறுபடி படிப்பது. இரண்டு விதிகளைப் பிரித்தறிய வேண்டும். இன்னொரு நிறுவனத்தில் இருக்கவே கூடாது என்பது ஒன்று; சில நிறுவனங்களில் அது குறிப்பிட்ட ரேங்குக்கு மேலே உள்ளவர்களுக்கு மட்டும், சிலவற்றில் அதே வகைப் பொருளுக்கு மட்டும். இன்னொன்று, பழைய அணியில் உள்ளவர்களைப் புதிய இடத்துக்கு அழைக்கக் கூடாது என்பது. இது விலகிய பின்பும், பொதுவாக ஆறு மாதமோ ஓராண்டோ, தொடரும். நீங்களே நேரில் சேர்த்தவர்களுக்கு விலக்கு உண்டா என்பது கையேட்டுக்குக் கையேடு வேறுபடுகிறது. என் தோழி என் டவுன்லைனில் இருந்தாலும் அவளை நான் நேரில் சேர்க்கவில்லை, இரண்டாம் அடுக்கில் இருந்தாள். அதனால்தான் கடிதம் வந்தது. கணவரோ மனைவியோ ஒரே வீட்டில் இருப்பவரோ செய்தாலும் நீங்கள் செய்ததாகவே கொள்ளப்படும் என்ற வரியையும் தேடுங்கள். வீட்டில் இன்னொருவர் பெயரில் புதிய நிறுவனத்தில் சேர்ந்துகொள்ளலாம் என்று ஆலோசனை சொல்பவர்கள் அந்த வரியைப் படித்திருக்க மாட்டார்கள்.

அணியினரின் பெயர், தொலைபேசி எண், கொள்முதல் விவரம் அடங்கிய அறிக்கையை இறக்கி எடுத்துச் செல்லாதீர்கள். அது நிறுவனத்தின் இரகசியத் தகவல் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். உங்கள் சொந்தக் கமிஷன் அறிக்கைகள், ஆர்டர் விலைப்பட்டியல்கள், வரிச் சான்றுகள் ஆகியவற்றை இறக்கிக்கொள்வதில் தவறில்லை, இறக்கத்தான் வேண்டும்.

9. விலகல் கடிதம் அனுப்பும் வரிசை

வரிசை தவறினால் பணம் போகும். முதலில் ஆட்டோஷிப்பை நிறுத்துங்கள், அடுத்த ஆர்டர் தேதிக்குச் சில வேலை நாட்கள் முன்பே நிறுத்த வேண்டும் என்று விதி இருக்கும். பிறகு, நடப்பு மாதத்தின் கமிஷன் எந்தத் தேதியில் இறுதியாகிறது, எந்தத் தேதியில் வங்கிக்கு வருகிறது என்று பாருங்கள். பல நிறுவனங்களில் கமிஷன் வழங்கும் நாளில் செயல்படும் விற்பனையாளராக இருந்தால்தான் பணம் வரும். நான் மாதக் கடைசியில், 29ஆம் தேதி விலகினேன். கமிஷன் மறுமாதம் 15இல் வருவது. அந்த 16 நாள் பொறுத்திருந்தால் முழு மாதக் கமிஷனும் கிடைத்திருக்கும். குறைந்தபட்சத் தொகை சேர்ந்தால்தான் வங்கிக்கு அனுப்புவோம் என்ற விதி இருந்தால், மின்பணப்பையில் தங்கிய மிச்சத்தையும் விலகும் முன்பே எடுத்துவிடுங்கள்.

மூன்றாவதாக, திருப்பி அனுப்பப்போகும் சரக்கைப் பட்டியலிடுங்கள். நான்காவதாகத்தான் கடிதம். பெயர், விற்பனையாளர் எண், விலகும் தேதி, சரக்குத் திரும்பப் பெறும் பிரிவின் கீழ் உரிமை கோருகிறேன் என்ற ஒரு வாக்கியம், இவை போதும். காரணம் எழுத வேண்டியதில்லை. கோபம் எழுதவே கூடாது. மின்னஞ்சலிலும், நிறுவனம் கேட்டால் பதிவுத் தபாலிலும் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான பதிலைச் சேமியுங்கள். அப்லைனிடம் வாய்மொழியாகச் சொல்வது விலகல் ஆகாது.

கடிதம் ஏற்கப்பட்டதும் உங்கள் இடம் காலியாகி, உங்கள் கீழே இருந்தவர்கள் உங்கள் அப்லைனுக்குக் கீழே நகர்வார்கள். அதைத் திரும்பப் பெற முடியாது. சிலர் கடிதம் கொடுக்காமல் சும்மா இருந்துவிடுகிறார்கள். அப்போது புதுப்பிப்புக் கட்டணம் அட்டையிலிருந்து பிடிக்கப்படும். கட்டுப்பாட்டுக் காலமும் ஓடத் தொடங்காது.

10. சரக்கைத் திருப்பி அனுப்புதல்

பன்னிரண்டு மாதக் கணக்கு பெரும்பாலும் விலைப்பட்டியல் தேதியிலிருந்து தொடங்கும், பொருள் உங்கள் கைக்கு வந்த தேதியிலிருந்து அல்ல. எனவே பழைய ஆர்டர்களின் கெடுவை முதலில் பார்த்து, அதை வைத்தே விலகும் தேதியைத் தீர்மானியுங்கள். கமிஷன் தேதியும் சரக்குக் கெடுவும் ஒன்றோடொன்று முட்டினால் எது பெரிய தொகையோ அதைக் காப்பாற்றுங்கள். சீல் உடைந்தவை, பருவகாலப் பெட்டிகள், நிறுத்தப்பட்ட பொருட்கள், விலை ஒட்டுத்தாள் ஒட்டப்பட்டவை ஏற்கப்படுவதில்லை. திருப்பி அனுப்பும் முன் நிறுவனத்திடம் அனுமதி எண் வாங்க வேண்டும். அது இல்லாத பெட்டி கிடங்கில் நிராகரிக்கப்படும். ஒவ்வொரு பொருளையும் பேட்ச் எண் தெரியும்படி படமெடுத்து, பெட்டியை மூடும்போதும் ஒரு காணொளி எடுங்கள்.

அனுப்புச் செலவு பெரும்பாலும் உங்களுடையது. அந்தச் சரக்குக்காக உங்களுக்கு ஏற்கெனவே கொடுத்த கமிஷனும் போனஸும் கழிக்கப்படும். உங்கள் அப்லைனுக்குக் கொடுத்ததும் அவரிடமிருந்து பிடிக்கப்படும். "திருப்பி அனுப்பாதே, நான் விற்றுத் தருகிறேன்" என்று அவர் அன்பாகச் சொல்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அவர் அன்றே பணம் கொடுத்து வாங்கினால் சரி. கெடு முடியும்வரை பெட்டியை அவர் வீட்டில் வைத்திருக்கக் கொடுக்காதீர்கள்.

11. புதிய நிறுவனத்தில்

முதல் ஐந்து படிகளையும் மறுபடி செய்யுங்கள். அனுபவம் இருக்கிறது என்று தாண்டிப் போகாதீர்கள். மாறி வருபவர்களுக்குக் கூடுதலாக ஒரு தூண்டில் உண்டு: உங்கள் பழைய ரேங்கை அப்படியே தருகிறோம், சில மாதங்களுக்கு நிலையான தொகை தருகிறோம் என்ற சலுகை. அதை எழுத்தில் வாங்கி, மூன்று விஷயங்களைத் தேடுங்கள். எந்த விற்பனை அளவை எட்டினால் அது தொடரும், எட்டாவிட்டால் கொடுத்ததைத் திரும்பக் கேட்பார்களா, பழைய அணியைக் கொண்டுவருவது மறைமுக நிபந்தனையா. மூன்றாவது உண்மையென்றால், வழக்கு வந்தால் அதைச் சந்திப்பது நீங்கள்தான். உங்களை அழைத்த நிறுவனம் உங்களுக்காக நிற்கும் என்று எழுதித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

சமூக ஊடகப் பக்கத்தின் பெயரில் பழைய நிறுவனத்தின் பெயரோ பிராண்டோ இருந்தால் விலகிய அன்றே மாற்றுங்கள். அதன் முத்திரைப் படங்களையும் நீக்குங்கள். அந்தப் பக்கத்தில் பழைய அணியினர் பலர் இருப்பார்கள் என்பதால், புதிய நிறுவனத்தின் சேர்ப்பு அழைப்பை அதில் இடுவதும் அழைத்ததாகக் கருதப்படலாம். பொருளைப் பற்றி எழுதுவது வேறு, வாய்ப்பைப் பற்றி எழுதுவது வேறு. கட்டுப்பாட்டுக் காலம் முடியும்வரை நான் முதலாவதை மட்டும் செய்தேன். வாடிக்கையாளர்களைப் பொறுத்தவரை, உங்கள் சொந்த நோட்டில் உள்ள, நீங்களே நேரில் பழகி விற்றவர்களிடம் பேசுவதற்குப் பொதுவாகத் தடை குறைவு. ஆனால் நிறுவனத்தின் தளம் வழியே வந்தவர்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் என்று சில ஒப்பந்தங்கள் சொல்கின்றன.

12. நாட்கணக்கு

ஆவணங்களைக் கேட்டு வாங்கிப் படித்துக் கணக்குப் போட இரண்டு வாரம் ஒதுக்குங்கள். சேர்ந்த பின் அடையாளச் சரிபார்ப்பு முடிய ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரம் வரை ஆகலாம், அது முடியும்வரை கமிஷன் வராது. மாறுபவருக்கு, ஆட்டோஷிப்பை நிறுத்துவதிலிருந்து கடைசிக் கமிஷன் கைக்கு வரும்வரை ஆறு முதல் எட்டு வாரம், சரக்குப் பணம் வர அதற்குமேல் ஒன்றிரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியில் புதிய இடத்தின் முதல் ஆர்டருக்குப் பழைய இடத்திலிருந்து வரவேண்டிய பணத்தை நம்பாதீர்கள். சரக்குப் பணம் வந்ததும், கழித்த தொகைகளை உங்கள் கமிஷன் அறிக்கையோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். எனக்கு ஒரே போனஸை இரண்டு முறை கழித்திருந்தார்கள். விலைப்பட்டியல் எண்ணோடு மின்னஞ்சல் அனுப்பிய பதினெட்டாம் நாள் அது திரும்ப வந்தது.